பழிக்கதையில் துக்கத்துக்கு எத்தனை சீன்?

பழிவாங்கும் கதையைப் படமாக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரைபடத்தோடுதான் உட்காருகிறார்கள். 18ஆவது நிமிடத்தில் ஒரு சாவு. தொடர்ந்து ஒரு சடலம், ஒரு கதறல், பழைய நினைவுகளைக் கோர்த்து ஒரு தொகுப்பு. 30ஆவது நிமிடத்தில் தாடி வளர்ந்துவிடுகிறது, 35இல் கையில் ஆயுதம். அதற்குப் பிறகு செத்தவர் படத்துக்குள் திரும்பி வருவதே இல்லை. க்ளைமாக்ஸில் நாயகன் அடிவாங்கி விழும்போது மட்டும் மூன்று வினாடி தலைகாட்டிவிட்டுப் போகிறார்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. திரைக்கதையின் பின்பாதியைப் பிரித்து வைத்துக்கொண்டு, செத்தவரின் பெயரை யாராவது சொல்லும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். மூன்று வட்டம்கூடத் தேறவில்லை என்றால், துக்கத்தை நுழைவுச்சீட்டாகக் கிழித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போன சண்டைப் படம் அது. சண்டைப் படம் எடுப்பதில் குற்றமொன்றும் இல்லை. இரண்டும் வேண்டும் என்று தொடங்கியவருக்குத்தான் சிக்கல்.

சிக்கலின் வேர் இது. பழிக்கு முடிவு உண்டு. யார், எங்கே, எப்படி என்ற மூன்று கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் அது தீர்ந்துபோகும். துக்கத்துக்கு அப்படி ஒரு கடைசிப் படி கிடையாது. சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வரும். நேராக ஓடுகிற வண்டியையும் செக்கு மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டினால் என்ன ஆகுமோ அதுதான் இந்தக் கதைகளில் ஆகிறது. வண்டி ஓடவேண்டுமே என்று மாட்டை அவிழ்த்துவிட்டுவிடுகிறார்கள். துக்கம் பழிக்குப் பெட்ரோல் ஊற்றும் என்று நம்பியே எல்லோரும் எழுதுகிறார்கள். பெட்ரோல் ஒருமுறை ஊற்றினால் போதும். சக்கரத்துக்குக் குறுக்கே கிடக்கும் கட்டையாகத் துக்கத்தை எழுதிப் பாருங்கள், படம் முழுக்க அதற்கு வேலை இருக்கும்.

பேச வசதியாக ஒரு கதையை வைத்துக்கொள்வோம். ஒரு அம்மா. 17 வயதில் ஒரு மகன். விடிவதற்கு முன் சாலையில் ஓட்டப் பயிற்சிக்குப் போனவனை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுகிறது. விசாரணை நகரவில்லை. ஓட்டியவனை அவளே தேடத் தொடங்குகிறாள். மகனின் போன் அவளிடம் இருக்கிறது, அதைத் திறக்கும் நான்கு இலக்க எண் தெரியாது. தினமும் காலை 5:40க்கு அதில் அலாரம் அடிக்கும். பூட்டிய திரையிலேயே அன்றைய சத்தத்தை நிறுத்தலாம். அலாரத்தையே எடுத்துவிட முடியாது. சார்ஜ் தீர்ந்தால் அடிக்காது. அவள் ஒவ்வொரு இரவும் சார்ஜ் போடுகிறாள்.

கடைசி வாக்கியத்தில் இருப்பதுதான் படம். மற்றதெல்லாம் ஏற்பாடு.

120 நிமிடப் படத்துக்குத் திரைக்கதை ஏறத்தாழ 120 பக்கம் வரும். சீன் 60இலிருந்து 70 வரை. சீனுக்கு ஒரு அட்டை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பழியை நகர்த்தும் சீனுக்குச் சிவப்பு, துக்கத்தின் சீனுக்கு நீலம். முதல் வரைவில் இடது பக்கம் முழுக்க நீலமாகவும் அப்புறம் வலது ஓரம்வரை சிவப்பாகவும் இருக்கும், சொல்லிவைத்தாற்போல. தொடர்ந்து நான்கு சிவப்புக்கு மேல் வரக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, நீலம் என்றால் அழுகை சீன் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். செத்தவர் இல்லாமல் போன காரணத்தால் திட்டம் நிற்கிறது, வழுக்குகிறது, திசை மாறுகிறது என்றால்தான் அது நீல அட்டை. அழுதுவிட்டுத் திட்டப்படியே கிளம்பிப் போனால் அந்த அட்டையைக் கிழித்துவிடலாம். படத்தொகுப்பில் எப்படியும் முதலில் போவது அதுதான்.

நல்ல நீல அட்டைக்கு ஒரு மாதிரி. அம்மா ஒரு கடையின் சிசிடிவி பதிவைப் பார்க்கப் போகிறாள். கார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. பதிவில் மகன் ஓடி வருகிறான். 11 வினாடி. காரும் கடந்து போகிறது. கடைக்காரர் கேட்கிறார், “நம்பர் பாத்தீங்களாம்மா?” அவள் சொல்கிறாள், “இன்னொரு தடவை போடுங்க தம்பி.” இரண்டாம் தடவையும் அவள் கண் காரிடம் போகவில்லை. மூன்றாம் தடவை கடைக்காரரே திரையைக் கையால் பாதி மறைத்து, மகனை மூடிவிட்டுக் காரை மட்டும் காட்டுகிறார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, வசனம் இரண்டு வரி. ஆனால் துக்கம் வேலையைக் கெடுப்பதும், அந்நியர் ஒருவர் அதைப் புரிந்துகொள்வதும், கதை ஒரு படி நகர்வதும் ஒரே இடத்தில் நடந்துவிடுகிறது.

இதை எடுக்கும்போது முதல் தடவை திரையைக் காட்டாதீர்கள், அவள் முகம் மட்டும் போதும். இரண்டாவதில் திரை. மூன்றாவதில் அந்தக் கை. சிசிடிவி படத்தை முதன்மைக் கேமராவில் எடுத்துப் பிற்பாடு கெடுப்பதைவிட, உண்மையான கண்காணிப்புக் கேமராவை மூன்று மீட்டர் உயரத்தில் மாட்டி எடுப்பதே நல்லது. லென்ஸின் வளைவு, வினாடிக்கு 15 ஃப்ரேமின் தத்தல், இருட்டின் புள்ளிகள் எல்லாம் தாமாக வரும். ஒன்றைக் கவனியுங்கள். இருட்டில் எதிரே வரும் காரின் எண் பலகை முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், முழு எண்ணும் பளிச்சென்று தெரிந்தால் பார்ப்பவர் நம்பமாட்டார். கடந்துபோன பின் பின்பக்கத்தில் கடைசி இரண்டு எண் மட்டும் தெரியட்டும். கதைக்கும் அது நல்லது, 40 நிமிடத்துக்குத் தேட வேலை கிடைக்கிறது.

துக்கத்தை எழுதுவோர் வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் கைத்தடி ஐந்து நிலைக் கோட்பாடு. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. ஐந்தையும் ஐந்து பகுதியாக வைத்துத் திரைக்கதையையே கட்டிவிடுகிறார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது தீராத நோயில் தாமே சாகப்போகிறவர்களிடம் பேசிவிட்டு. உறவைப் பறிகொடுத்தவர்களுக்கு அதைப் பொருத்தியது பிற்பாடு. வரிசையாக ஏறும் படிக்கட்டாக அதை எடுத்துக்கொண்டால் பாத்திரம் அட்டவணைப்படி நடக்கும் பொம்மையாகிவிடும். திரைக்கதைக்கு அதைவிட உதவுவது உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் இருவரும் 1999இல் முன்வைத்த ஊசலாட்டக் கருத்து. இழந்தவர் ஒரு பக்கம் இழப்பை நோக்கிப் போகிறார், மறு பக்கம் அன்றாடத்தை நோக்கிப் போகிறார், ஒரே நாளில் பலமுறை இங்கும் அங்கும் போய்வருகிறார். காலையில் மகனின் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டவள் மதியம் மின்கட்டண வரிசையில் முன்னால் நுழைந்தவனோடு சண்டை போடுகிறாள், சாயங்காலம் ஏதோ ஒரு நகைச்சுவைக்குச் சிரித்துவிடுகிறாள், சிரித்ததற்காக இரவு தூங்காமல் கிடக்கிறாள். அந்தச் சிரிப்பு இல்லாத துக்கப் படத்தை நான் நம்புவதில்லை.

நம்மிடமே பழைய கருவி ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: இளிவு (பிறர் இகழ்வது), இழவு (இழப்பு), அசைவு (முன்பிருந்த நிலை கெடுவது), வறுமை. பழிக்கதை எழுதுவோர் இழவு ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதிக் களைத்துப்போகிறார்கள். விசாரணைக்கு வந்தவளை மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு “பையன் குடிச்சிருந்தானா?” என்று கேட்டால் அங்கே பிறப்பது இளிவின் அழுகை. நேற்றுவரை தெருவே யோசனை கேட்டு வந்த பெண்ணிடம் இன்று எல்லோரும் மெதுவான குரலில் பேசத் தொடங்கினால் அது அசைவு. நான்கும் நான்கு விதமாக முகத்தில் வரும், நான்குக்கும் வேறு வேறு மூச்சு. ஒரு படத்தில் ஆறு அழுகை இடங்கள் இருந்தால் அவற்றில் இழவு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

வசனத்தில் செய்யும் பெரிய தவறு உணர்ச்சிக்குப் பெயர் சூட்டுவது. “அவன் இல்லாம இந்த வீடே வீடா இல்ல” என்று எழுதினால் நடிப்பவருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. தங்கை கேட்கட்டும், “அந்த போனுக்கு எதுக்குக்கா சார்ஜ் போடுறே?” அக்கா துணி மடித்துக்கொண்டே சொல்லட்டும், “அலாரம் அடிக்கணும்ல.” தங்கைக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றாது.

செத்தவரை உயிரோடு எவ்வளவு நேரம் காட்டுவது? 12இலிருந்து 15 நிமிடம் போதும். அந்த நேரத்தை அவர் எவ்வளவு நல்லவர் என்று நிறுவச் செலவழிப்பது வீண். தங்கமான பிள்ளை செத்தால் பார்ப்பவர் பரிதாபப்படுவார். பாதியில் நிற்கிற சண்டையோடு பிள்ளை செத்தால்தான் பார்ப்பவருக்கும் நெஞ்சில் மாட்டிக்கொள்ளும். மகன் முந்தின இரவு ஒரு பொய் சொல்லியிருக்கட்டும், அவள் கண்டுபிடித்திருக்கட்டும், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தியிருக்கட்டும். போனைத் திறக்கும் எண்ணை அவன் மாற்றியதும் அன்றைக்குத்தான்.

அலாரம் போன்ற ஒரு பொருளைப் படத்தில் அதிகம் போனால் நான்கு தடவை பயன்படுத்தலாம். ஐந்தாம் தடவை அது குறியீடாகி, கொட்டாவி வரவழைக்கும். முதல் தடவை வெறும் சத்தம்: மகன் உயிரோடு இருக்கிறான், அலாரம் அடிக்கிறது, அவன் எழாமல் புரள்கிறான், அம்மா அதட்டுகிறாள். இரண்டாவது, சாவுக்கு மறுநாள். மூன்றாவது தடவை அது கெடுதல் செய்ய வேண்டும். ஓட்டியவன் வீட்டு வாசலில் இருட்டில் அவள் காத்திருக்கிறாள், பையில் மகனின் போன் இருக்கிறது, மணி 5:40 ஆகிறது. நேசித்த பொருளே காட்டிக்கொடுக்கிற இந்த இடம் இல்லாவிட்டால் மற்ற மூன்றுக்கும் பலம் கிடையாது. நான்காவதைக் கடைசிக்கு வைத்திருப்போம்.

பொருள்கள் தொடர்பாகத் தயாரிப்பில் வழக்கமாக நேரும் கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன். செத்தவரின் புகைப்படங்களை முதல் நாள் படப்பிடிப்பன்று மேக்கப் அறைச் சுவரோரம் நிற்கவைத்து அவசரமாக எடுப்பார்கள். எல்லாப் படத்திலும் ஒரே தலைமுடி, ஒரே வெளிச்சம், ஒரே புன்னகை. ஒரு மாதம் முன்பே தொடங்கி மூன்று வேறு நாளில், மூன்று உடையில், ஒன்றிலாவது கண் பாதி மூடியபடி எடுத்து வையுங்கள். போன் வீடியோ என்றால் உண்மையான போனில், நிமிர்த்திப் பிடித்து, கதைப்படி அதை எடுத்தவராக வரும் நடிகரே எடுக்க வேண்டும். கேமராவுக்குப் பின்னாலிருந்து வரும் அம்மாவின் சிரிப்பு மைக்குக்கு மிக அருகில் வெடித்துக் கேட்கும், மகன் குரல் தள்ளிக் கேட்கும். ஸ்டுடியோவில் டப்பிங் பேசினால் இரண்டும் ஒரே தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும். குரல் செய்திக்கும் இதே விதி. போனில் பதிவு செய்து, அதைப் போனின் ஸ்பீக்கரிலேயே ஒலிக்கவிட்டு, படப்பிடிப்பு நடக்கும் அறையிலேயே மறுபடி பதிவு செய்யுங்கள்.

செத்தவர் கண்முன் தோன்றும் சீன் எழுத ஆசைப்படாதவர் இல்லை. வேல்ஸில் மருத்துவர் டெவி ரீஸ் துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தவரை ஏதோ ஒரு வகையில் உணர்ந்ததாகச் சொன்னார்கள். அவற்றில் மிகுதி, பக்கத்தில் இருப்பதுபோன்ற உணர்வு மட்டுமே. உருவம் கண்டதும் குரல் கேட்டதும் குறைவு, தொடுதல் அதைவிடக் குறைவு. படங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, வெள்ளை உடையில் எதிரே நிறுத்திப் பேசவைக்கின்றன. பக்கத்தில் ஒருவர் இருப்பதாக நினைத்து அவள் சோபாவின் ஓரமாக நகர்ந்து உட்காருவது ஒரு ஷாட். அதற்குப் பணச் செலவு இல்லை, பயமும் இல்லை, மறக்கவும் முடியாது.

இனி சிவப்பு அட்டைகள். சாதாரண ஆள் பழிவாங்கக் கிளம்பும் கதையில் நம்பிக்கை உடைவது திறமை திடீரென முளைக்கும் இடத்தில். இரண்டு நிமிடத் தொகுப்பில் அம்மா பூட்டு திறக்கக் கற்றுக்கொள்கிறாள், பின்தொடரக் கற்றுக்கொள்கிறாள், குறிபார்க்கவும் கற்றுக்கொள்கிறாள். திட்டத்தை ஐந்து படியாக எழுதுங்கள்: காரைக் கண்டுபிடிப்பது, அன்று ஓட்டியவன் யார் என்று உறுதி செய்வது, அவன் அன்றாடத்தை அறிவது, தனியாக நெருங்குவது, செய்வது. இவற்றில் குறைந்தது இரண்டு படி சறுக்க வேண்டும், அதுவும் தற்செயலால் கூடாது. மழை வந்தது, வண்டி பழுது, வழியில் யாரோ வந்துவிட்டார்கள் என்பதெல்லாம் எழுத்தாளரின் சோம்பல். சறுக்கலுக்குக் காரணம் துக்கமாக இருக்க வேண்டும்.

தூக்கமின்மை இதற்குக் கைகொடுக்கும். 17 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் ஏறியவரின் கவனத்துக்கு இணையாகத் தளர்வதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். அவள் மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. தவறான காரைப் பின்தொடர்கிறாள். தவறான ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறாள். படத்தின் நடுப்புள்ளியில், விடியற்காலை, அவனைத் தொடர்ந்து வண்டி ஓட்டும்போது ஒரு கணம் கண் சொக்கிவிடுகிறது. சாலையோரம் சைக்கிளில் வந்த ஒரு பெண் குழந்தைக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நிற்கிறது. மகனைக் கொன்றவனும் இரவு முழுக்க வண்டி ஓட்டிவிட்டுத் தூங்காமல் வந்தவன்தான் என்று அவளுக்கு இன்னும் தெரியாது, பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கலாம். இந்த இடத்துக்கு முன்னால் வரும் பழியும் பின்னால் வரும் பழியும் ஒன்றாக இருக்காது. நடுப்புள்ளிக்குக் கொலையோ ரகசிய வெளிப்பாடோ தேடி அலைவதைவிட இப்படி ஒரு கண்ணாடியை நிறுத்துவது மேல்.

எதிராளியைப் பற்றி ஒரு எரிச்சல் உண்டு. பார்ப்பவர் நிம்மதியாகக் கைதட்ட வேண்டும் என்பதற்காக வரைவுக்கு வரைவு அவனை மோசமாக்கிக்கொண்டே போவார்கள். முதல் வரைவில் விபத்து செய்தவன், மூன்றாம் வரைவில் போதை விற்பவன், ஐந்தாவதில் பெண்களைக் கடத்துபவன். அவன் கொடியவனாக ஆக ஆக அவள் முடிவெடுக்க வேண்டியது குறைந்துகொண்டே வருகிறது. அவனை ஒரு செயலோடு விட்டுவிடுங்கள்: அடித்தான், நிற்கவில்லை. அதற்கு மேல் அவன் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சீன், சாக்குப்போக்கு இல்லாமல். எடுத்துக்காட்டாக, அவன் வேலைக்கு அந்தச் சாலை வழியாகப் போவதில்லை, தினமும் நான்கு கிலோமீட்டர் சுற்றிப் போகிறான். காரணமில்லாத அந்தச் சுற்றுதான் அவளுக்கு ஆளை உறுதிப்படுத்துகிறது. அந்தச் சாலையில் கால் வைக்காமல் சுற்றிப் போகிற இன்னொருத்தி அவள் ஆயிற்றே.

படப்பிடிப்புக்கு வந்தால், கால அட்டவணைதான் முதல் எதிரி. அழுத முகம் உடனே ஆறாது. இமை வீக்கமும் மூக்கின் சிவப்பும் அடங்கக் கணிசமான நேரம் பிடிக்கும். அதனால் அழுகை சீனை அன்றைய நாளின் கடைசியில் வையுங்கள், மறுநாள் காலையில் முந்தின வருடத்து மகிழ்ச்சி சீனைப் போடாதீர்கள். வழக்கமாக வைடில், அதாவது தூரத்து ஷாட்டில், தொடங்கிக் க்ளோசப்புக்குப் போவோம், இங்கே திருப்பிப் போடுங்கள். உண்மையான அழுகை இரண்டு அல்லது மூன்று டேக்தான் தாங்கும், அதற்குள் க்ளோசப் முடிந்துவிட வேண்டும். முடிந்தால் இரண்டு கேமரா. கண்ணீர் வரவில்லை என்றால் மென்தால் குச்சியைக் கீழிமைக்குக் கீழே எலும்பின் மேல் லேசாகத் தடவினால் போதும், ஆவியே வேலை செய்யும். கண்ணுக்குள் பட்டால் அன்றைய வேலை முடிந்தது. மூச்சை மறந்துவிட்டுக் கண்ணீரை மட்டும் கேட்கும் இயக்குநர்கள் உண்டு. அழுகையை அடக்குகிறவர் உள்ளிழுக்கும் மூச்சு துண்டு துண்டாக வரும், வெளிவிடுவது நீளமாக வரும். அது சரியாக இருந்தால் கண் வறண்டிருந்தாலும் பார்ப்பவருக்குத் தொண்டை அடைக்கும். அதைப் பிடிக்க நீண்ட கம்பில் நீட்டிப் பிடிக்கும் பூம் மைக் வேண்டும், சட்டையில் குத்திய மைக் ஒவ்வொரு விம்மலுக்கும் துணி உரசலைத்தான் தரும்.

கன்டினியூட்டிக்கு, அதாவது சீனுக்குச் சீன் தோற்றம் பொருந்தி வருவதற்கு, உடம்பையே நாட்காட்டியாக்கலாம். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். சாயம் பூசும் பழக்கமுள்ள அம்மா மகன் செத்ததும் அதை விட்டுவிட்டால், 40ஆம் நாள் சீனில் வகிட்டை ஒட்டி ஒன்றரை சென்டிமீட்டர் நரை தெரிய வேண்டும். 12ஆம் நாளில் ஒரு கோடு மட்டும். ஒவ்வொரு சீனின் தலைப்பிலும் கதையின் நாள் எண்ணை எழுதி, அந்த நாளுக்கு நரை எத்தனை மில்லிமீட்டர், நகம் எப்படி, எடை எவ்வளவு குறைந்த தோற்றம் என்று ஒரே தாளில் போட்டு மேக்கப், காஸ்ட்யூம் இரண்டு பேரிடமும் கொடுங்கள். ‘சில வாரங்கள் கழித்து’ என்று திரையில் எழுத்துப் போடத் தேவையே வராது.

சடல சீனில் எல்லோரும் வழுக்குவது கையில். அடித்த அடுத்த நிமிடத்தில் கை துவண்டு விழும். சில மணி நேரத்தில் தாடையிலும் கழுத்திலும் விறைப்பு தொடங்கி, ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடம்பு முழுக்கப் பரவி, பிறகு மெல்லத் தளரும். காலையில் போனவனைச் சாயங்காலம் அடையாளம் காட்டும்போது அவள் கையைத் தூக்கினால் அது சுலபமாக மடங்கக்கூடாது. மடங்காத அந்தக் கையே வசனம். நடிப்பவர் மூச்சைப் பாதி வெளிவிட்டு நிறுத்த வேண்டும், நெஞ்சு நிறைய இழுத்து நிறுத்தினால் நடுக்கம் தெரியும். ஷாட் 15 வினாடிக்குள் முடியட்டும். கழுத்தின் நாடித்துடிப்பு பெரிய திரையில் தெரியும், துணியை அதுவரை ஏற்றிவிடுங்கள்.

வன்முறையில் அதிகம் சொல்ல இல்லை. பாதுகாப்பு ஏற்பாட்டுக்குச் சமரசமே கிடையாது: கத்தி ரப்பரில் அல்லது முனை மழுங்கிய அலுமினியத்தில், துப்பாக்கி என்றால் சுடவே முடியாத மாதிரி, நெருப்புப் பொறி பின்னால் கணினியில். ரத்தத்துக்குச் சோளச் சர்க்கரைப் பாகு அடிப்படையிலான கலவை பிசுபிசுக்கும், பூச்சி மொய்க்கும், துணியில் ஒட்டினால் அடுத்த டேக்குக்கு அந்தத் துணி உதவாது. ரத்தம் படும் உடை ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு பிரதி வேண்டும். காய்ந்த ரத்தம் பழுப்பாக வேண்டும், அரை மணி கழித்து வரும் சீனிலும் செக்கச்செவேல் என்றிருந்தால் பெயிண்ட். மற்றபடி, செய்யப்படுகிறவரைவிடச் செய்கிறவர் முகத்தில் கேமரா இருக்கட்டும். பழகாத ஆளுக்கு வன்முறை மூச்சு வாங்கும் வேலை. அதை அழகாகச் செய்யவிட்டால் அதுவரை கட்டிய அம்மா போய்விடுவாள்.

ஒலியில் துக்கத்துக்கு ஓர் உண்மையான வசதி இருக்கிறது. மகன் உயிரோடு இருக்கும் சீன்களில் வீட்டின் பின்னணியில் நான்கு அடுக்கு வையுங்கள்: குளிர்பெட்டியின் ரீங்காரம், கூடத்து மின்விசிறி, அவன் அறை மின்விசிறி, அவன் அறையிலிருந்து கசியும் ஏதோ ஒரு சத்தம். சாவுக்குப் பின் கடைசி இரண்டை எடுத்துவிடுங்கள். யாரும் கவனிக்கமாட்டார்கள், எல்லோருக்கும் வீடு பெரிதாகிவிட்டதுபோல் இருக்கும். இதற்கு ஒவ்வொரு இடத்திலும் படக்குழுவை அசையாமல் நிறுத்தி 60 வினாடி வெறும் அறைச் சத்தத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். அமைதி வேண்டும் என்று ஒலித்தடத்தைச் சுத்தமாகப் பூஜ்யமாக்கினால் அரங்கில் ஸ்பீக்கர் பழுதோ என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

பின்னணி இசைக்காரரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கலாம். துக்கத்துக்கென்று போட்ட மெட்டைப் பழி சீன்களில் வேகமாக்கி வாசிக்க வேண்டாம். அப்படி வாசித்த நிமிடமே துக்கம் மறுபடி பெட்ரோல் ஆகிவிடுகிறது. முதல் துக்க சீனில் இசையே இல்லாமல் விட்டுப் பாருங்கள்.

படத்தொகுப்பில் சிவப்பு சீன்களைச் சற்று முன்னதாகவே வெட்டுங்கள், நீல சீன்களைத் தாமதித்து வெட்டுங்கள். வினாடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் ஒரு 30 ஃப்ரேம் கூட விட்டால் போதும். பேச்சு முடிந்த பிறகும் அவள் அங்கேயே இருக்கிறாள் என்று அது சொல்லிவிடும். ஃப்ளாஷ்பேக்குகளில் தங்க நிறம் பூசுவதை நிறுத்துவோம். மூன்று தடவை நினைவு வருகிறது என்றால் மூன்றும் ஒரே சம்பவமாக இருக்கட்டும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறி. முதல் நினைவில் அவள் கதவை மெதுவாகச் சாத்துகிறாள், இரண்டாவதில் அறைந்து சாத்துகிறாள், மூன்றாவதில் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் “அம்மா” என்று கூப்பிட்டது கேட்கிறது. எது நடந்தது என்று படம் சொல்ல வேண்டியதில்லை.

பழி நிறைவேறிய பிறகு குறைந்தது பத்து நிமிடம் படம் ஓட வேண்டும். உளவியலாளர்கள் கார்ல்ஸ்மித், வில்சன், கில்பர்ட் மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏமாற்றியவரைத் தண்டிக்க வாய்ப்புக் கிடைத்தவர்கள் அது இல்லாதவர்களைவிட மோசமான மனநிலையில் இருந்தார்கள், அந்த ஆளைப் பற்றியே அதிகமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். தண்டித்தால் மனம் ஆறும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. கொலையோடு திரையை இருட்டாக்கும் படங்கள் அந்த எதிர்பார்ப்பை மட்டும் விற்கின்றன. மன்னிக்கும் முடிவு என்றால் இன்னொரு நிபந்தனை: அந்தக் கணத்தில் அவளால் கொல்ல முடிந்திருக்க வேண்டும். ஆயுதம் கையைவிட்டுப் போன பிறகோ போலீஸ் வந்த பிறகோ வரும் மன்னிப்பு வெறும் தோல்வி.

நம் கதையில் அவள் என்ன செய்தாள் என்பதை எழுதுகிறவர் தீர்மானிக்கட்டும். எதுவானாலும் அடுத்த நாள் விடியும், 5:40 வரும். மகனின் தோழன் ஒருவன் போனைத் திறக்கும் எண்ணைச் சொல்லியிருக்கிறான். இப்போது அலாரத்தையே எடுத்துவிட அவளால் முடியும். நான்காவது தடவை இதுதான். இதற்குப் போன் திரையைப் பிற்பாடு கணினியில் ஒட்டவைக்கலாம் என்று பச்சைத் திரையோடு எடுக்காதீர்கள், விரல் மறைக்கும் இடத்திலும் முகத்தில் படும் வெளிச்சத்திலும் தவறு தெரிந்துவிடும். உண்மையான போனில் தானியங்கி நேரத்தை அணைத்து, 5:39 என்று கையால் வைத்து, அலாரம் தானாக அடிக்கட்டும். எடுப்பதாக ஒரு டேக், எடுக்காமல் மறுபடி சார்ஜரில் செருகுவதாக ஒரு டேக். இரண்டிலும் திரையில் 5:41 என்று மாறும்வரை கட் சொல்ல வேண்டாம்.